சிக்கிமுக்கிக் குன்றுகளில் சிம்பொனி: கூரை இல்லாத கச்சேரிக்குப் போகலாமா?

கேள்வி, 28 மே 2019

கன்சாஸ் சிட்டியில் இருக்கிறேன். எங்கள் ஊர் சிம்பொனிக் குழுவை ஹெல்ஸ்பெர்க் அரங்கில் கேட்டுப் பழகிய காது. அதே குழு ஜூன் 15 அன்று கன்சாஸ் மாநிலத்துப் புல்வெளிக் குன்றுகளான பிளின்ட் ஹில்ஸில் ஏதோ மாடு மேய்க்கும் வெளியில் வாசிக்கப் போகிறதாம். நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். சுவரும் கூரையும் இல்லாத இடத்தில் சிம்பொனி கேட்பது டம்ளர் இல்லாமல் காபி குடிப்பதைப் போன்றது என்பது என் கட்சி. போய்வந்தவர்கள் யாராவது மறுப்பதற்கு இருக்கிறீர்களா?

28 மே, இரவு

மறுக்கிறேன். கன்சாஸிலேயே விச்சிட்டா நகரத்தில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். முன்பு ஒருமுறை போயிருக்கிறேன். இந்த ஆண்டுக்கும் மூன்று டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். டம்ளர் இல்லாவிட்டால் என்ன, கையைக் குவித்துக் குடிக்கலாம். காபி சுடுமே என்பீர்கள். சுடும். உவமையை விட்டுவிடுவோம்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். காரை ஒரு மேய்ச்சல் நிலத்தில் நிறுத்திவிட்டு, மடக்கு நாற்காலிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தோம். ஏறும்போது எதிரே வானத்தைத் தவிர ஒன்றும் இல்லை. குன்றின் முதுகை எட்டியதும் கீழே ஒரு சரிவு, அதன் அடியில் தீப்பெட்டி அளவில் வெள்ளை மேடை. மரம் இல்லை, மின்கம்பம் இல்லை, வீடு இல்லை. தோள் உயரப் புல் அலையலையாகச் சாய்ந்து எழுந்துகொண்டிருந்தது. ஏழு மணி வாக்கில் ஓபோ என்ற ஊதுகருவியை வாசிப்பவர் சுருதி சேர்ப்பதற்காக ஒற்றைச் சுரத்தை நீட்டினார். ஆயிரக்கணக்கானோர் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். அந்தச் சுரம் காற்றில் கொஞ்சம் கரைந்து, திரும்பி வந்து, மறுபடி கரைந்தது. ஒலிபெருக்கி என்று ஒன்று இல்லாமலே அவ்வளவு பெரிய வெளியில் எண்பது பேர் வாசித்தது எங்கள் வரிசை வரை வந்து சேர்ந்தது. அரங்கில் இதைக் கேட்க முடியாது.

29 மே

இது எப்படித் தொடங்கியது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஜேன் கோகர் என்ற பெண்மணி சேஸ் கவுண்டியில் மாட்டுப் பண்ணை நடத்துபவர். 1994இல் தம் நாற்பதாவது பிறந்தநாளுக்குத் தம் மேய்ச்சல் நிலத்திலேயே ஓர் இசைக்குழுவை வாசிக்கவைத்து, ஊரையே அழைத்தார். நாற்பது வயதுக்கு நான் கேசரி செய்தேன். அந்த நினைவு சிலருடைய மனத்தில் கிடந்து முளைத்து, 2006இல் ஆண்டு நிகழ்ச்சியானது. முதல் கச்சேரி உயர்புல் தேசியக் காப்பகத்தில். அதன் பிறகு ஆண்டுக்கு ஓர் இடம். மேடை, கூடாரம், கழிப்பறை, தண்ணீர் என்று எல்லாம் லாரியில் வந்து, முடிந்ததும் லாரியிலேயே போய்விடும்.

இந்தப் புல்வெளி ஏன் மிஞ்சியது என்பதுதான் எனக்குக் கச்சேரியைவிடச் சுவையான கதை. வட அமெரிக்காவில் ஒருகாலத்தில் ஏறக்குறைய 17 கோடி ஏக்கர் உயர்புல் நிலம் இருந்தது. இன்று நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் சோளமும் சோயாவும் ஆகிவிட்டது. மிஞ்சியதில் பெரும்பகுதி இங்கே இருப்பதற்குக் காரணம் யாருடைய கருணையும் அல்ல. மண் ஒரு சாண் ஆழம்கூட இருக்காது. அதற்குக் கீழே சுண்ணாம்புப் பாறை, பாறைக்குள் சிக்கிமுக்கிக் கல். ஏர் பிடித்தவன் கொழு முறிந்து திரும்பிப் போனான். மாடு வைத்திருந்தவன் தங்கினான். 1806இல் இந்த வழியாகப் போன செபுலன் பைக் என்ற ஆய்வுப் பயணி, எங்கும் சிக்கிமுக்கிக் கல்லாகக் கிடக்கிறதே என்று தம் குறிப்பில் எழுதிவைத்தார், அதுவே பெயராயிற்று.

செக் இசையமைப்பாளர் டுவோர்ஷாக் தம் 'புதிய உலகிலிருந்து' சிம்பொனியை எழுதியது இப்படி ஒரு புல்வெளியில்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு, டம்ளர்க்காரர் பதில் சொல்லட்டும்.

31 மே

முதல் திருத்தம். 'தோள் உயரப் புல்' என்று எழுதியிருந்தேன். என் மனைவி இதைப் படித்துவிட்டு, அன்று எடுத்த படத்தைக் கைபேசியில் காட்டினார். இங்கேயும் போட்டிருக்கிறேன், பாருங்கள்: புல் என் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது.

காரணம் எளிது. ஏப்ரலில் இந்தக் குன்றுகளுக்குத் தீ வைப்பார்கள். இரவில் நெடுஞ்சாலையில் போனால் மலைச்சரிவுகளில் ஆரஞ்சு நிறக் கோடுகள் ஊர்வது தெரியும். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் விச்சிட்டாவில் துணி காயப்போட முடியாது. தீ வைக்காவிட்டால் செடார் மரம் ஏறிவிடும், புல்வெளி காடாகிவிடும். கரியிலிருந்து புதுப்புல் கிளம்பும். அதில் இளங்காளைகளை இறக்கிவிடுவார்கள். ஆகவே ஜூன் மாதத்தில் அது பச்சைக் கம்பளம். புளூஸ்டெம் என்ற புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து செம்பு நிறம் ஆவது செப்டம்பரில். நான் செப்டம்பரிலும் அங்கே நடந்திருக்கிறேன்; இரண்டையும் மனம் ஒன்றாகத் தைத்துவிட்டது.

இனி நான் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பிவிடாமல், ஒரு கல் உப்போடு படியுங்கள்.

1 ஜூன்

உப்பு வீண்போகவில்லை. டுவோர்ஷாக் விஷயத்தில் இரண்டு பேர் பிடித்துவிட்டார்கள். அந்தச் சிம்பொனியை 1893இன் முதல் மாதங்களில் அவர் எழுதியது நியூயார்க்கில். கோடை விடுமுறைக்குத்தான் அயோவாவில் ஸ்பில்வில் என்ற செக் குடியேறிகளின் சிற்றூருக்குப் போனார். அங்கே எழுதியவை 'அமெரிக்கன்' என்று அழைக்கப்படும் நால்வர் இசையும், அதற்கடுத்த ஐவர் இசையும். நால்வர் இசையின் மூன்றாம் பகுதியில், அந்த ஊரில் காலையில் நடக்கப் போனபோது கேட்ட ஒரு பறவையின் குரலை முதல் வயலினுக்குக் கொடுத்திருக்கிறார்.

அதாவது, புல்வெளிப் பக்கம் வந்த மனிதர் எண்பது பேருக்கான சிம்பொனி எழுதவில்லை. நான்கு பேருக்கான இசைதான் எழுதினார். இது டம்ளர்க்காரரின் கட்சிக்குச் சாதகம். அவர் இன்னும் கவனிக்கவில்லை.

3 ஜூன்

கவனித்துவிட்டார். கூடவே நேற்று தனி மடலில் ஒரே வரி: "அந்தப் படத்தில் மேடைக்கு இருபுறமும் கறுப்பாகத் தொங்குவது என்ன?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒலிபெருக்கிகள். இரண்டு பக்கமும், ஒன்றன்கீழ் ஒன்றாக, முருங்கைக்காய் கட்டியதைப் போல.

அன்று அவை என் கண்ணில் படவே இல்லை. பட்டிருந்தாலும் மறந்திருக்கிறேன். 'ஒலிபெருக்கி என்று ஒன்று இல்லாமலே' என்று இங்கே தட்டச்சு செய்தபோது எனக்குத் துளி சந்தேகம் வரவில்லை, அதுதான் உறுத்துகிறது. வயலின் அறைக்குப் பிறந்த வாத்தியம். அதன் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வரும்போதுதான் முழுமையாகிறது. நாகஸ்வரம் தெருவுக்குப் பிறந்தது. நான்கு மாடவீதிக்கும் கேட்கும், சுவரைக் கேட்காது. பதினாறு வயலினை நாகஸ்வரம் ஆக்க வேண்டுமென்றால் மைக் வைத்தே ஆக வேண்டும். இதைக்கூட யோசிக்காமல் பேசியிருக்கிறேன்.

டம்ளர்க்காரருக்குப் பாதி வெற்றி. 1,600 பேர் மேடையைச் சுற்றி உட்காரும்படி, டொயோட்டா என்ற ஒலியியல் மேதை வடிவமைத்த அறையில் கேட்பவர் அவர். நான் கேட்டது பெட்டி வழியாக வந்த இசை.

5 ஜூன்

ஆனால் அந்த 'கரைந்து திரும்பி வந்த' சுரத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது பெட்டியின் வேலை அல்ல, காற்றின் வேலை.

தரையோரம் காற்றின் வேகம் குறைவு, மேலே அதிகம். காற்று போகும் திசையிலேயே போகும் ஒலி கீழ்நோக்கி வளைந்து காதுக்கு வரும். காற்றை எதிர்த்துப் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடும். அன்று காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து மேடையை நோக்கி அடித்தது. எனவே வேகம் கூடும்போதெல்லாம் வயலின்கள் மங்கின. டபுள் பாஸ் என்ற அடிக்குரல் வாத்தியம் மட்டும் நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்தது. நல்ல இடம் வேண்டுமென்றால் முன்வரிசைக்கு அடித்துக்கொள்ளாதீர்கள், காற்றுக்குக் கீழ்ப்பக்கம் உட்காருங்கள்.

பொழுது சாய்ந்த பிறகு இசை தெளிவானது. நிலம் குளிர்ந்து அதை ஒட்டிய காற்றும் குளிரும்போது ஒலி கீழே வளையும் என்பதால் அப்படி ஆயிற்று என்று முதலில் எழுதினேன், இப்போது அழித்துவிட்டேன். ஒன்பது மணிக்குள் நிலம் அவ்வளவு குளிர்ந்திருக்குமா என்று தெரியவில்லை. காற்று அடங்கியதுதான் காரணமாக இருக்கும்.

வாசிப்பவர்களின் பாட்டைச் சொல்ல வேண்டும். 20 டிகிரியில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. 35 டிகிரியில் 352. ஊதும் வாத்தியங்களின் சுருதி ஏறும். அதே வெயிலில் தந்திகள் தளர்ந்து சுருதி இறங்கும். ஒரே குழுவில் பாதிப் பேர் மேலே, பாதிப் பேர் கீழே. நடுவில் ஓபோக்காரர் கொடுக்கும் அந்த ஒற்றைச் சுரம்தான் பஞ்சாயத்து. வயலினை ஒட்டியிருக்கும் வச்சிரப் பசையும் சூட்டில் இளகும் என்பதால், விலை உயர்ந்ததை வீட்டில் வைத்துவிட்டு, வெளிக் கச்சேரிகளுக்கென்று வேறொன்று வைத்திருப்பவர்கள் உண்டு. முதல் வயலின் வாசிப்பவர்களும் அன்று இரண்டாம் வயலின்தான்.

என் கண்ணில் நிற்பது துணி கிளிப். சுரத்தாள் பறக்காமலிருக்க ஒவ்வொரு தாங்கியிலும் நான்கைந்து மாட்டியிருந்தார்கள். முன்பக்கமாகப் போய்ப் பார்த்தபோது, ஒரு செல்லோக்காரர் பக்கம் புரட்டுவதற்காக ஒரு கிளிப்பை எடுத்து வாயில் கவ்விக்கொண்டார். வில் ஒரு கையில், தாள் ஒரு கையில், கிளிப் பல்லில். மொட்டை மாடியில் துணி காயப்போடும் அம்மாவை அப்படியேதான் பார்த்திருக்கிறேன்.

6 ஜூன்

என்ன எடுத்துப்போக வேண்டும் என்று கேட்டவருக்கு: தொப்பி, தண்ணீர், வெயிலுக்குப் பூசும் களிம்பு, முழுக்கால் சட்டை. காலுறையைக் கால்சட்டைக்கு மேலே இழுத்துவிடுங்கள். பார்க்கச் சகிக்காது, பரவாயில்லை. உண்ணி இருக்கிறது. உண்ணியைவிட மோசமாக, கண்ணுக்கே தெரியாத செந்நிறப் பூச்சி ஒன்றும் இருக்கிறது. இடுப்புப் பட்டை அழுத்தும் இடமாகப் பார்த்துக் கடிக்கும், ஒரு வாரம் சொறியலாம். புல்லில் நேராக உட்காரக் கூடாது. நான் உட்கார்ந்தேன்.

9 ஜூன்

மாடுகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

கச்சேரியின் பின்பாதி. மேடைக்குப் பின்னாலிருந்த குன்றின் விளிம்பில் ஒரு புள்ளி தோன்றியது. அப்புறம் பத்து, அப்புறம் நூறு. குதிரையில் நாலைந்து பேர் பக்கத்தில் வர, ஒரு மந்தை சரிவில் இறங்கியது. கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. இசைக்குழுவுக்கு முதுகுப் பக்கம் நடப்பதால் வாசிப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நடத்துநருக்கு மட்டும் தெரிந்திருக்கும். ஆயிரக்கணக்கானோர் தன்னையும் தாண்டி மாட்டைப் பார்ப்பது எந்த நடத்துநருக்கும் வாய்க்கும் அனுபவம் அல்ல.

மாலையும் மாடும் சேர்ந்தால் நமக்கெல்லாம் முல்லைத் திணை கிளம்பிவிடும். எனக்கும் கிளம்பியது, கன்று நினைந்து வீடு திரும்பும் ஆநிரை என்று மனைவியிடம் காதோரம் சொன்னேன். பக்கத்து நாற்காலிக்காரர், தொப்பியைப் பார்த்தாலே பண்ணைக்காரர் என்று தெரிந்தது, நான் ஏதோ மாட்டைப் பற்றிச் சொல்கிறேன் என்று புரிந்துகொண்டு விளக்கினார். இவை வீடு திரும்பவில்லை. காளைக் கன்றுகள், காயடித்தவை. ஏப்ரலில் லாரியில் வந்தவை, ஜூலையில் லாரியில் போகிறவை. நாளொன்றுக்கு இரண்டு பவுண்டு எடை கூடும், அதற்காகத்தான் இந்தப் புல். இன்று இந்நேரத்துக்கு இந்தச் சரிவில் இறங்க வேண்டும் என்பதும் நிகழ்ச்சி நிரலில் உண்டு.

முல்லை அதோடு முடிந்தது. ஆனாலும் நான் உட்காரவில்லை. கடைசி மாடு பள்ளத்தில் மறையும் வரை நின்றேன். அப்போது குழு என்ன வாசித்துக்கொண்டிருந்தது என்று இன்று கேட்டால் தெரியாது. கோப்லண்டாக இருக்கலாம். நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்து வளர்ந்தவர் எழுதியதுதான் இந்த வெளிக்கு உரிய இசை என்று உலகம் முடிவு செய்துவிட்டது.

சிம்பொனிக்காக வாதாட வந்தவன், எந்த இசை என்று நினைவில்லை என்கிறேன். டம்ளர்க்காரர் எழுதுவதற்கு முன்பு நானே எழுதிவிடுகிறேன்.

11 ஜூன்

"அப்படியென்றால் மாட்டைப் பார்க்கப் போங்கள், எண்பது பேரை ஏன் வெயிலில் வாட்டுகிறீர்கள்?" என்கிறார். நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன்.

கடைசியில் ஒரு பாட்டு உண்டு. 'ஹோம் ஆன் த ரேஞ்ச்'. 1870களில் ஸ்மித் கவுண்டியில் குடியேறிய பிரூஸ்டர் ஹிக்லி என்ற மருத்துவர் எழுதிய வரிகள்; 1947 முதல் கன்சாஸின் மாநிலப் பாடல். ஸ்மித் கவுண்டி இங்கிருந்து வெகுதூரம் வடமேற்கே இருக்கிறது, இந்தக் குன்றுகளைப் பற்றிய பாட்டே அல்ல. அன்று அதை யாரும் பொருட்படுத்தவில்லை. நடத்துநர் மேடையில் திரும்பி எங்களைப் பார்த்துக் கையை உயர்த்த, எல்லோரும் எழுந்து பாடினார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

எனக்குப் பல்லவி மட்டும் தெரியும். அது முடிந்ததும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. எல்லாச் சரணமும் பாடினாள், தாளைப் பார்க்காமல். பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்; எனக்குத் தெரியாது. என்னைவிட இந்த ஊர்க்காரியாக ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று அன்றுதான் தெரிந்தது. அதற்கு எண்பது பேர் தேவைப்பட்டார்கள் என்று நிரூபிக்க என்னால் முடியாது.

14 ஜூன்

நாற்காலிகளைக் காரில் ஏற்றியாகிவிட்டது. மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. போன முறை கச்சேரி முடிந்து கார்கள் வெளியேறும் வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று, புளியோதரைதான் காப்பாற்றியது. இந்த முறையும் மனைவி கட்டியிருக்கிறார்.

15 ஜூன், காலை

ரத்து. புயல் கூடாரங்களைச் சாய்த்துவிட்டது. இத்தனை ஆண்டுகளில் இப்படி நடந்ததில்லை. நேற்று அந்த நிலத்தில் உழைத்தவர்களை நினைத்தால் பேச்சு வரவில்லை.

டம்ளர்க்காரர் "கூரை" என்று ஒரே சொல் எழுதியிருக்கிறார். எழுதட்டும்.

17 ஜூன்

புளியோதரையை என்ன செய்வது? நேற்று காலை மூவரும் கிளம்பிவிட்டோம். கச்சேரி நிலம் தனியாருடையது, அங்கே போகவில்லை. கேசடேயில் நெடுஞ்சாலையை விட்டு 177ஆம் சாலையில் வடக்கே திரும்பி, ஸ்ட்ராங் சிட்டிக்கு அருகே இருக்கும் தேசியக் காப்பகத்துக்குப் போனோம். முதல் கச்சேரி நடந்த இடம். இப்போது அங்கே காட்டெருமைகளும் உண்டு. 2009இல் கொண்டுவந்து விட்டது, பெருகியிருக்கிறது.

குன்றின் மேல் ஏறி உட்கார்ந்தோம், விரிப்பு போட்டுத்தான். ஆள் இல்லை, மேடை இல்லை, பெட்டி இல்லை. டிக்சிசெல் என்று தன் பெயரையே சொல்லும் சிறு பறவை ஒன்று தண்டில் ஆடிக்கொண்டு, அரை மணி நேரம் விடாமல் சொல்லிற்று. காற்று. இதுதானே வேண்டும் என்று இத்தனை நாளாக வாதாடியிருந்தேன்.

உண்மையைச் சொன்னால், பதினைந்து நிமிடத்தில் கைபேசியை எடுத்துவிட்டேன்.

அன்று அப்படி இல்லை. ஓபோ சுரத்தை நிறுத்தியதற்கும் நடத்துநர் கோலை உயர்த்தியதற்கும் நடுவில் இருந்த சில நொடிகளில் இதே காற்றை, இதே வகைப் பறவையை, அவ்வளவு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். அது என் காதில் இன்னும் இருக்கிறது. நேற்றுக் கேட்ட அரை மணி நேரம் இல்லை. முந்தாநாள் வரை கச்சேரி ஒரு சாக்கு, வெளிதான் விஷயம் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தேன். 9ஆம் தேதிக் குறிப்பில் அந்த வாடை அடிக்கும். அதைத் திரும்பப் பெறுகிறேன். குழு வேண்டும். மோசமாகக் கேட்டாலும் வேண்டும்.

இறங்கும்போது மகள் அந்தப் பாட்டை முணுமுணுத்தாள். இப்போது வயது கூடிவிட்டது, நான் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

18 ஜூன்

டம்ளர்க்காரர் கேட்கிறார், அடுத்த முறை டிக்கெட் வாங்கும்போது தனக்கும் ஒன்று சேர்த்து வாங்க முடியுமா என்று. வாங்குகிறேன். காற்றுக்குக் கீழ்ப்பக்கம் உட்கார வைக்கிறேன். நாற்காலி உங்களுடையது.

19 ஜூன்

உண்ணிக் கணக்கு கேட்டவருக்கு: மனைவிக்கும் மகளுக்கும் இல்லை. எனக்கு இரண்டு. ஒன்று காதுக்குப் பின்னால்.